கயிற்றுக்குள் போன சாச்சா

“சாச்சா, நில்லுங்க. ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. அப்படியே நில்லுங்க.”

லாபிர் ஓடினான். தலையிலிருந்த ஹெல்மெட் கழன்று குழாய்க் குவியலில் மோதி உருண்டது. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிவப்புக் கொடி ஏறியிருந்தது. சைரன் ஊளையிட்டு ஓய்ந்திருந்தது. வேலையாட்கள் அத்தனை பேரும் சட்டப்படி வேப்பமரத்துக்கு அப்பால் ஒதுங்கிப் பீடி பற்றவைத்திருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே ஈ எறும்பைத் தவிர வேறு உயிர் இருக்கக்கூடாத நேரம். அந்த நேரம் பார்த்து, வெள்ளைச் சாரனும் கறுப்புக் குடையுமாக ஒரு மனிதர் கயிற்றைக் குனிந்து கடந்து, நடுவில் இருந்த மஞ்சள் பெட்டியை நோக்கிச் சந்தைக்குப் போகிறவர் போல நடந்துகொண்டிருந்தார்.

அவர் மூதூர் ஆதம்பாவா. லாபிருக்கு நிச்சயமாகியிருந்த றஹ்மாவின் சாச்சா. வாப்பா இல்லாத அந்தப் பெண்ணுக்கு அவர்தான் வலி, கட்டிக் கொடுக்கிற பொறுப்புக்காரர். காவின் என்கிற கலியாணப் பதிவு எழுதும் நாளில் அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லைச் சொன்னால்தான் கலியாணம். சொல்லாவிட்டால் பிரியாணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்க வேண்டியதுதான்.

ஆதம்பாவா குனிந்தார். பெட்டியின் மூடியில் கையை வைத்தார்.

லாபிர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

“ஏன் தம்பி, சுடுமா?”

“கதைக்காம வாங்க சாச்சா.”

“குடை விழுந்திட்டுது.”

“கிடக்கட்டும்.”

“புதுக் குடை தம்பி.”

குடையை விட்டு, ஒற்றைச் செருப்பையும் விட்டு, வருங்கால மாமனார் முறையானவரை இழுவைப் படகு கப்பலை இழுக்கிற மாதிரி இழுத்துக் கயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து சேர்த்தான் லாபிர். மூச்சு வாங்கியது. ஆதம்பாவா சாரனை உதறிக் கட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எங்க ஃபேன்?”

“என்ன ஃபேன்?”

“போர்ட் போட்டிருக்கே.” அவர் கயிற்றில் தொங்கிய மஞ்சள் பலகையைக் காட்டினார். மஞ்சளில் கறுப்பாக மூன்று இதழ். “நல்ல வெயில். ஃபேன் கிடக்குதெண்டு போனனான்.”

அவரில் குற்றமில்லை. உலகமெல்லாம் கதிர் அபாயம் என்று பயந்து விலகுகிற அந்த அடையாளத்தைத் திருகோணமலையில் எல்லாரும் மின்விசிறி என்றுதான் வாசித்தார்கள். கொம்பனிக்கே ஃபேன் கொம்பனி என்று பெயர். லாபிருக்கு ஃபேன் லாபிர்.

அது எண்பதாம் ஆண்டு. துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் குதங்களுக்குப் புதுக் குழாய் போட்டுக்கொண்டிருந்தது கொழும்புக் கொம்பனி ஒன்று. கிண்ணியாவில் பிறந்து, துறையடியில் பாதைப் படகு ஏறி ஆற்றைக் கடந்து தினமும் வேலைக்கு வரும் லாபிர், அங்கே குழாய் ஒட்டுகளைப் படம் பிடிப்பவன். இரண்டு இரும்புக் குழாயைச் சேர்த்து ஒட்டிய இடம் வெளியே வழவழவென்று இருக்கும். உள்ளே ஒரு பொந்து ஒளிந்திருக்கும். அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அறுத்த குழாயில் எண்ணெய் ஓடாது. ஆகவே ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடிக்கிற மாதிரி, ஒட்டின் ஒரு பக்கம் படச்சுருளைக் கட்டி, மறுபக்கத்தில் வைத்த மஞ்சள் பெட்டியிலிருந்து கதிரை விடுவார்கள். உடைக்காமல், கீறாமல், உள்ளே இருக்கும் கோளாறு படத்தில் கறுப்பாக விழும். கதிர் திறந்திருக்கும்போது மனிதர் கிட்ட நிற்கக்கூடாது. அதற்குத்தான் கயிறு, கொடி, சைரன்.

கலியாண விஷயத்தில் மூதூரும் கிண்ணியாவும் செய்கிற வேலையும் இதுதான். மாப்பிள்ளையை உடைக்காமல், கீறாமல், உள்ளே கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குப் படச்சுருள் தேவையில்லை. தேத்தண்ணிக் கடை போதும்.

லாபிரின் படம் மூதூர்த் தேத்தண்ணிக் கடையில் கறுப்பாக விழுந்திருந்தது. கழுவி எடுத்தவர் ஆதம்பாவாவேதான். கதிர் வேலை செய்பவனுக்குப் பிள்ளை பிறக்காது என்று யாரோ லோஞ்ச் படகில் சொன்ன கதையை அவர் கடைக்குக் கொண்டுவந்தார். சும்மா கொண்டுவரவில்லை, மெருகேற்றிக் கொண்டுவந்தார்.

“அவன் வெந்த கிழங்கு. பாக்க முழுசா இருக்கும். நட்டா முளைக்காது.”

கடை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அஸர் தொழுகைக்கு முன் லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து, மஹ்ரிபுக்கு முன் லாபிரின் உம்மா உம்மு குல்சுமின் குசினிக்குள் வந்துவிட்டது. அவள் அன்று அடுப்பில் வைத்த கிழங்கை இறக்கிக் கோழிக்குப் போட்டாள்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. நேரில் பார்த்து முடிவு சொல்வதாக ஆதம்பாவா சொல்லியிருந்தார். பார்க்கத்தான் வந்தார். பார்த்தும்விட்டார், சற்று அதிகமாக.

அவரை எஞ்சினியர் கோணாமலையின் தகரக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனான் லாபிர். கோணாமலை எதையும் அறிக்கையாகவே யோசிக்கிற மனிதர். மனைவி காய்ச்சல் என்றால்கூட “எப்போதிருந்து, நடவடிக்கை என்ன” என்று கேட்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுண்ணாம்பாகியது. லாபிரை அலுமாரிக்குப் பின்னால் இழுத்தார்.

“பெட்டியைத் தொட்டவரோ?”

“மூடியில கை வச்சவர் சேர்.”

“திறந்தவரோ?”

“திறக்கேல்ல. பிடிச்சிட்டன்.”

கோணாமலைக்கு மூச்சு வந்தது. “இந்தக் கதை வெளியில போகக்கூடாது. போனால் உமக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை.” பிறகு வெளியே வந்து, ஆதம்பாவாவுக்குத் தான் உட்காரும் கதிரையைக் கொடுத்து, சோடா உடைக்கச் சொன்னார். கதிரையும் சோடாவும் சேர்ந்து வந்ததும்தான் ஆதம்பாவாவுக்கு முதல்முறையாகப் பயம் தட்டியது. கந்தோர் ஆட்கள் சும்மா உபசரிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும்.

“தம்பிமார், உள்ளுக்கு என்ன கிடந்தது?”

வாசலில் கூடியிருந்த வேலையாட்களில் கதிரவேல் என்ற ஃபோர்மனுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. உப்புவெளிக்காரர். அவருடைய பகிடிக்குப் பயந்தே பலர் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்தார்கள்.

“ஒண்டுமில்லை ஐயா. கதிர்.”

“கதிரெண்டா?”

“அதுதான், நீங்கள் தேத்தண்ணிக் கடையில விளங்கப்படுத்தின சாமான்.”

ஆதம்பாவாவின் கையில் சோடாப் போத்தல் நின்றுவிட்டது.

“நான் எவ்வளவு நேரம் நிண்டிருப்பன்?”

“ஒரு பீடி முடியிற நேரம்.”

“முழுப் பீடியா?”

“முழுப் பீடிதான். நான் இழுத்து முடிச்சனான்.”

“நீங்க கெதியா இழுக்கிற ஆளா?”

“நான் ஆறுதலா இழுக்கிற ஆள் ஐயா. கிழங்கு வேகிற மாதிரி.”

பின்னால் யாரோ இருமினார்கள். இருமலுக்குள் சிரிப்பு இருந்தது. ஆதம்பாவாவின் முகம் மெல்ல மெல்ல வடிந்தது. அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். முதல் மனைவி மௌத்தான பிறகு பல வருசம் தனியாக இருந்தவர், போன நோன்புப் பெருநாள் கழித்துத்தான் மூதூரிலேயே ஸல்ஹாவைக் கட்டியிருந்தார். தொப்பிக்குள் நரை, மீசையில் மை. ஸல்ஹாவின் காக்காமார், அதாவது அண்ணன்மார், பலகை விற்கும் மரக் காலை வைத்திருக்கிற வாட்டசாட்டமான ஆட்கள். ஒவ்வொரு வெள்ளியும் சலாம் சொல்லிவிட்டு “விசேஷம் ஏதும் உண்டா மச்சான்” என்று கேட்கத் தவறுவதில்லை. ஆம்பிளைப் பிள்ளை ஒன்றுக்குப் பெயர்கூட ஆதம்பாவா தெரிந்தெடுத்து வைத்திருந்தார்.

“என்னையும் ஒருக்காப் படம் எடுத்துப் பாக்கேலாதா?” என்றார் மெதுவாக. “எங்க வெந்திருக்கெண்டு பாக்க.”

“திரும்பக் கதிருக்குள்ள நிக்கவேண்டி வரும் ஐயா,” என்றார் கதிரவேல். “ரெண்டாம் தரம் அவிஞ்சா மசியலாப் போகும்.”

கோணாமலை எல்லாரையும் விரட்டினார். ஆதம்பாவாவை லோஞ்ச் ஏற்றிவிடும் பொறுப்பு லாபிருக்கு வந்தது. ஜெட்டி வரை இருவரும் நடந்தார்கள். மீட்டுக் கொடுத்த குடையை ஆதம்பாவா விரிக்கவில்லை. உள்ளுக்குக் கிடந்த சாமான் என்று தூரத்தில் பிடித்தபடி வந்தார். மூதூர் லோஞ்ச் கயிறு அவிழ்க்கத் தயாராக நின்றது.

“தம்பி.”

“சொல்லுங்க சாச்சா.”

“இந்தக் கதிர் ஆம்பிளைக்கு உண்மையா ஏதும் செய்யுமா?”

லாபிர் கடலைப் பார்த்தான். அவனுடைய வாழ்க்கை அந்த ஜெட்டிப் பலகையில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் என்ன சொல்ல சாச்சா. நான் சொன்னா என்ர நன்மைக்குச் சொல்லுறன் எண்டு சனம் சொல்லும். ஊர் கேக்கிறது உங்கட சொல்லைத்தானே.”

“அது சரி.”

“செய்யும் எண்டு நீங்க சொன்னா எனக்கும் செய்யும், உங்களுக்கும் செய்யும். செய்யாதெண்டா ரெண்டு பேருக்கும் செய்யாது.”

லோஞ்ச் ஹோர்ன் அடித்தது. ஆதம்பாவா பலகையில் ஒரு காலை வைத்தார். மறுகால் ஜெட்டியிலேயே நின்றது. லோஞ்ச்காரன் பார்த்தான், லாபிர் பார்த்தான், கூடையோடு இருந்த மீன்காரியும் பார்த்தாள்.

“செய்யாது,” என்றார் ஆதம்பாவா. மறுகாலையும் எடுத்து வைத்தார்.

ஆனால் அவர் கயிற்றுக்குள் போன கதை முந்தின லோஞ்சிலேயே ஏறி மூதூருக்குப் போயிருந்தது. மூதூரில் இறங்கும்போதே சரீப், இந்தச் சம்பந்தத்தைப் பேசிய தரகர், கரையில் காத்து நின்றார்.

“என்ன ஹாஜியார், கிழங்கு பாக்கப் போய்…”

“எந்தக் கிழங்கு?”

“நீங்கதானே சொன்னீங்க, கதிர் பட்டா…”

“நான் சொன்னது போன மாசம். அப்ப நான் பாக்கேல்ல. இப்ப நேர பாத்திட்டு வாறன். அது ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். உடம்புக்கு நல்லம்.”

உடம்புக்கு நல்லம் என்ற கடைசிச் சொல் அவர் நினைத்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் சொன்ன பிறகு அவருக்கே அது பிடித்துப் போனது. மறுநாள் தேத்தண்ணிக் கடையில் முழங்கால் வலி போன கதையைச் சொன்னார். அதற்கடுத்த நாள் படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை என்றார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முன்றலில் ஸல்ஹாவின் காக்காமார் முகத்தைத் தொங்கப்போட்டு வந்தபோது, அவர் முந்திக்கொண்டார்.

“என்ர மகள் மாதிரியான புள்ள றஹ்மா. அவளையே நான் அந்தக் கதிர் வேலைக்காரனுக்குக் குடுக்கிறன். கோளாறு இருந்தா குடுப்பனா?”

காக்காமார் ஆளை ஆள் பார்த்தார்கள். அந்த நியாயத்தை அவர்களால் மறுக்க முடியவில்லை. லாபிரின் கலியாணம் உறுதியானது இப்படித்தான். மாப்பிள்ளையின் நலனுக்குப் பெண் வீட்டார் உத்தரவாதம் கொடுத்தது அந்தக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் அதுதான் முதல் தடவை.

இதோடு நின்றிருந்தால் நன்று. சனம் நிற்கவில்லை.

அடுத்த கிழமை காலை லோஞ்சில் முழங்கால் வலிக்காரர் பலர் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் இடுப்புப் பிடிப்பு, ஈளை, மொட்டைத் தலை. பேரீச்சம்பழமும் கொண்டுவந்திருந்தார்கள்.

“தம்பி, ஃபேன் பெட்டி இதுவா? ஒரு பீடி நேரம் நிண்டாக் காணுமாமே.”

லாபிர் அன்று சாச்சாவுக்காக ஓடியதெல்லாம் ஓட்டமே அல்ல. கயிற்றின் நாலு பக்கமும் சுழன்று சுழன்று ஓடினான். சைரனை அடித்தான், சைரன் கேட்டதும் சிகிச்சை தொடங்கிவிட்டது என்று சனம் இன்னும் நெருங்கியது. கையெடுத்துக் கும்பிட்டான்.

“உள்ளுக்குப் போனாச் செத்துப் போவீங்க.”

“ஆதம்பாவா சாகேல்லையே தம்பி.”

அதற்கு லாபிரிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. கொடியைக் கீழே இறக்கினான், வேலையை நிறுத்தினான், ஒரு குழாயின் மேல் ஏறி நின்றான்.

“கேளுங்க. முதல்ல போற ஆளுக்குத்தான் அதில பலன். அதை ஆதம்பாவா சாச்சா எடுத்திட்டார். இனிப் போறவைக்கு வயித்தோட்டம்தான். நிக்காது.”

மரணத்துக்கு அஞ்சாத கூட்டம் வயிற்றோட்டத்துக்கு அஞ்சியது. லோஞ்சில் மறைவிடம் கிடையாது என்பதை அவர்கள் நினைத்திருக்க வேண்டும். எல்லா நல்லதையும் ஆதம்பாவாவே எடுத்துக்கொள்வார், அது அவர் குணம் என்று திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். பேரீச்சம்பழத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். கோணாமலை அன்று மாலை கொழும்புக்கு எழுதிய அறிக்கையில், திட்டத்துக்குப் பொதுமக்களிடையே பேராதரவு காணப்படுவதாகக் குறிப்பிட்டார்.

காவின் நாள் வந்தது. மூதூரில் றஹ்மாவின் வீட்டு முற்றத்தில் பந்தல். பாய் விரித்து மாப்பிள்ளையை நடுவில் இருத்தினார்கள். எதிரே ஆதம்பாவா, புதுச் சேட்டு, மீசையில் புது மை. பதிவுகாரர் தலையசைத்ததும் அவர் லாபிரின் வலது கையைப் பற்றினார். சொல்லைச் சொல்ல வேண்டியதுதான். சொல்லவில்லை. கையை இன்னும் இறுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“மகன், இப்பவாவது உண்மையச் சொல்லு,” என்றார் காதுக்குள். “எனக்கு ஒண்டும் ஆகாதுதானே?”

பந்தல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பதிவுகாரர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஒண்டும் ஆகாது சாச்சா. இந்தச் சபையில வச்சுச் சத்தியமாச் சொல்லுறன்.”

அத்தனை நிம்மதியாக லாபிர் எந்தச் சத்தியத்தையும் அதற்கு முன் செய்ததில்லை. ஆதம்பாவா கண்ணை மூடித் திறந்தார். சொல்லைச் சொன்னார். லாபிர் ஏற்றுக்கொண்டான். உள்ளே பெண்கள் குரவை விட்டார்கள்.

ஊர் வழக்கப்படி லாபிர் மூதூரில் பெண் வீட்டோடு குடிவந்தான். அவனை இப்போது யாரும் கிழங்கு என்று சொல்வதில்லை. மாதங்கள் சில போயின. ஒரு ஞாயிறு காலை ஆதம்பாவா மஸ்கற் இனிப்புத் தட்டோடு வந்தார். வாசலிலேயே லாபிரைக் கட்டிப்பிடித்தார்.

“ஸல்ஹா முழுகாம இருக்கிறா மகன். டாக்குத்தரும் சொல்லிட்டார்.” கண் கலங்கியது அவருக்கு. “எல்லாம் உன்ர பெட்டியாலதான்.”

“அல்லாஹ்வால சாச்சா.”

“அதுவும்தான். ஆனா பெட்டிக்கும் பங்கு இருக்கு.”

தேத்தண்ணி குடித்தார், முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினார், அடுத்த வீட்டுக்கு மஸ்கற் கொண்டு போனார். அவர் படலையைத் தாண்டியதும் றஹ்மா தட்டைக் கீழே வைத்தாள். அவள் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவள். விடை வரும்வரை பிள்ளையை இருக்க விடமாட்டாள் என்று பெயர்.

“நேத்து ஸல்ஹா சாச்சி என்னட்ட வந்து அழுதவ.”

“ஏன், சந்தோசமான விசயம்தானே?”

“கதிர் பட்ட மனிசன்ர பிள்ளை ஊனமா வருமோ எண்டு பயப்படுறா. ராவில நித்திரை இல்லையாம். சாச்சாட்ட சொல்லேலாதாம். உங்களிட்டக் கேக்கச் சொன்னவ.” அவள் அவன் முகத்தையே பார்த்தாள். “மூதூர்ச் சனத்துக்குச் சொன்ன கதை எனக்கு வேணாம். அந்தப் பிள்ளைக்கு ஏதும் வருமா?”

“வராது.”

“எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“படம் எடுத்தா கறுப்புப் புள்ளி எங்க இருக்கெண்டு சொல்லுற ஆள், இதுக்கு மட்டும் ஏன் யன்னலைப் பாக்கிறீங்க?”

லாபிர் எழுந்து போய் அந்த யன்னலைச் சாத்தினான். திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“சாச்சியைப் பயப்பட வேணாம் எண்டு சொல்லு. ஏனெண்டு மட்டும் சொல்லாத. என்ர வேலையும் போகும், எஞ்சினியர் சேரின்ர வேலையும் போகும்.”

“எனக்குச் சொல்லுங்க.”

“அண்டைக்குப் பெட்டிக்குள்ள கதிரே இல்ல.”

றஹ்மா அவன் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“பழைய கதிர்ச் சாமான் சக்தி குறைஞ்சுபோக, புதுசுக்கு எழுதினது. கப்பல்ல வந்து கொழும்பில ஒரு கந்தோரில நிண்டிட்டுது. வாற சாமான் எல்லாத்தையும் திறந்து பாத்துத்தான் விடுவன் எண்டு அங்க ஒரு ஐயா. இதைத் திறந்தா நீங்க இருக்கமாட்டீங்க எண்டு எங்கட ஆக்கள். ஒரு மாசம் இழுபறி. வேலை நிக்குதெண்டு மேலிடத்துக்குத் தெரியக்கூடாதெண்டு, நாள் தவறாமக் கயித்தைக் கட்டு, கொடியை ஏத்து, சைரனை அடி எண்டு சேர் சொன்னவர். எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். முழங்கால்காரர் வந்த கிழமைதான் உண்மையான சாமான் வந்து சேர்ந்தது.”

“அப்ப ஏன் சாச்சாவை அந்த ஓட்டம் ஓடிப் பிடிச்சீங்க? வெறும் பெட்டிதானே?”

“வெறும் பெட்டி இல்ல.” லாபிர் தலையைக் குனிந்துகொண்டான். “மூடியத் திறந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். காகத்துக்குப் பயந்து, உம்மா கட்டித் தந்த சோத்தை நான் அதுக்குள்ளதான் வச்சிருந்தனான்.”